நான்கு பிளைவூட் பலகைகளும் ஒரு பதிவு இலக்கமும்

"தம்பி, கமராவை வைச்சிட்டு இந்த நுனியைப் பிடியுங்கோ."

நந்திக்கடற் கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் போனது படம் எடுக்க. ஆனால் பதினாறு அடி நீளமுள்ள ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வில்லாக வளைத்துக் கோடு கீற மூன்று பேர் வேண்டும். அங்கே இருந்தது இரண்டு பேர். ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய ஓடாவி. மற்றவர் அந்த வீட்டுக்காரி. அவரை இந்தக் கட்டுரையில் அக்கா என்றே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் எழுதவில்லை. அந்த ஊரில் பெண் ஒருவர் தனக்கென்று வள்ளம் கட்டுவது ஒரேயொரு முற்றத்தில்தான். ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும்.

நான்கு பிளைவூட் பலகைகள். எட்டடி நீளம், நான்கடி அகலம். ஆறு மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு, ஒன்பது மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு. மெல்லியவை பக்கங்களுக்கு, தடித்தவை அடித்தளத்துக்கு. ஐந்தாவது பலகை வாங்கக் காசில்லை. சீட்டுக் காசு முழுவதும் இந்த நான்கிலும் ஒரு சோடி எப்பொக்சிப் போத்தலிலும் முடிந்துவிட்டது. ஆகவே அன்றைக்குப் பலகையில் விழும் கோடு சரியாக விழ வேண்டும்.

வெட்டுவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 2026இல் ஒரு பெண் ஏன் தன் முற்றத்தில் பிளைவூட்டில் வள்ளம் கட்ட வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அதற்கு முன் இருக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு வடக்கின் கரைகளுக்கு வந்து இறங்கிய படகுகளின் படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வரிசையாக நீலமும் வெள்ளையுமாகப் பைபர் படகுகள், முன்னால் பதாகை, மாலை போட்ட அதிகாரிகள். அவ்வளவு படகு வந்த மாவட்டத்தில் இவருக்கு ஏன் ஒன்று இல்லை?

அக்காவின் கணவர் களப்பில் தொழில் செய்தவர். சொந்தமாக ஒரு மரவள்ளம் இருந்தது, அதற்குப் பதிவு இலக்கமும் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த வள்ளம் தப்பியது, களப்புக்குள் கிடந்ததால். 2009இல் தப்பவில்லை. அந்த ஆண்டு வைகாசியில் வட்டுவாகலைக் கடந்து வந்தபோது கணவர் கூடவே இருந்தார். கடந்த பிறகு இல்லை. பெயரைக் கூப்பிட்டு ஒரு பக்கமாக நிற்கச் சொன்னதை அக்கா கண்டிருக்கிறார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இதை வாசிக்கிற பலருக்கு அந்தப் பாலத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

மீள்குடியேறிய பிறகு படகுகள் வந்தன. குடும்பத்தில் கடலுக்குப் போகும் ஆண் யார் என்று கேட்டார்கள். மகனுக்கு அப்போது ஆறு வயது. மூன்று குடும்பத்துக்கு ஒரு படகு என்று ஒரு ஏற்பாடு செய்து அதில் இவரது பெயரையும் போட்டார்கள். அந்தப் பைபர் படகு பதினெட்டடி நீளமானது, திறந்த கடலுக்கென்று செய்யப்பட்டது. வெளியிணை இயந்திரம் இல்லாமல் அதை அசைக்க முடியாது. நந்திக்கடலோ ஆழமற்ற களப்பு. வண்டல் படிந்து படிந்து, கோடையில் பல இடங்களில் முழங்காலளவு தண்ணீர்தான். அங்கே இயந்திரத்தின் விசிறி சேற்றைக் கிண்டும். மரக்கோல் ஊன்றித் தாங்கிப் போவதென்றால் பைபர் படகின் பாரத்துக்கு இரண்டு ஆண்கள் வேண்டும். மூன்று குடும்பத்தில் ஒரு குடும்பம் அதைக் கடலுக்குக் கொண்டுபோனது. மற்ற இரண்டுக்கும் சிறிது காலம் பங்கு வந்தது, பிறகு நின்றது. பட்டியலில் மட்டும் மூன்று குடும்பமும் இன்றைக்கும் படகு பெற்ற குடும்பங்கள்.

உதவி தந்தவர்களைக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. அந்த நாட்களில் ஒன்றுமில்லாமல் கூடாரத்தில் இருந்த சனத்துக்கு ஏதாவது ஒன்று வந்ததே பெரிது. ஆனால் எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு என்று களப்புக்காரரிடம் யாரும் கேட்டதாக நான் பேசிய ஒருவரும் சொல்லவில்லை. படகு என்றால் கடல், கடல் என்றால் இயந்திரம், இயந்திரம் என்றால் ஆண் என்பதே அந்தப் படிவங்களின் கணக்கு. களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் பெண்கள் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. அவர்களுடையது தொழிலாகவே எண்ணப்படவில்லை, "கறிக்குப் பிடிக்கிறது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். அக்கா பதினைந்து வருடமாகக் "கறிக்குப் பிடித்து"த்தான் மகனைப் படிப்பித்திருக்கிறார்.

பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. நாட்டின் மற்றப் பகுதிகள் பெற்றோல் வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சிறிய இயந்திரம் வைத்திருந்த கரையோரக் குடும்பங்களுக்கு அந்த ஒரு அறிவிப்பே போதுமாக இருந்தது. விலை பின்னர் இறங்கியது உண்மை. ஆனால் அதற்கிடையில் இயந்திரத்தை விற்றவர்கள் மீண்டும் வாங்கவில்லை. எண்ணெய்க் காசு கொடுத்துக் கடலுக்குப் போனாலும் வலை திரும்புமா என்பது அடுத்த கேள்வி. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து 2017இல் எங்கள் நாடாளுமன்றம் சட்டம் திருத்தியது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தையும் கூட்டியது. எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகும் வலைக்கு இன்றுவரை ஒழுங்கான இழப்பீட்டு முறை இல்லை.

இவை எல்லாம் சேர்ந்து ஆட்களை மீண்டும் களப்புக்குத் தள்ளியிருக்கின்றன. கடலுக்குப் போனவர்களில் பலர் இப்போது களப்பில் வலை விடுகிறார்கள். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையும் இரவில் தாராளமாக விழுகிறது. கரையோரத்தில் கையால் தடவி எடுக்கும் பெண்களுக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகிறது. ஆழமான நடுப்பகுதிக்குப் போக வேண்டுமென்றால் வள்ளம் வேண்டும். இரவல் வள்ளத்துக்குப் பிடித்ததில் மூன்றில் ஒரு பங்கு போகும். "நான் குனிஞ்சு எடுக்கிறதில மூண்டில ஒண்டு, சும்மா கட்டிக் கிடக்கிற பலகைக்கு" என்றார் அக்கா. கடந்த நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வெள்ளம் வந்தபோது அந்த இரவல் வள்ளமும் உடைந்து போனது. அப்போதுதான் சீட்டை எடுத்துச் சொந்தமாக ஒன்று கட்டுவதென்று முடிவெடுத்தார்.

மரத்தில் கட்டலாமே என்று கேட்டேன். வன்னியில் நின்றுகொண்டு மரத்துக்கா பஞ்சம் என்ற எண்ணத்தில் கேட்ட கேள்வி. ஓடாவி சிரித்தார். அவருடைய இளமைக் காலத்தில் காட்டுக்குள் போய் மரத்தைப் பார்த்து, தட்டி, தெரிந்து வெட்டுவார்கள். இன்றைக்குக் காணியின் பின்வேலிக்கு அப்பால் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது. மரம் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். மரஆலை விலையில் வாங்கினால் வள்ளத்தின் செலவு பைபர் படகை எட்டிப் பிடித்துவிடும். பிளைவூட் கடைச் சாமான். பற்றுச்சீட்டு இருந்தால் யாரும் வழியில் மறித்துக் கேட்கமாட்டார்கள். காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் ஊர், எந்த நாட்டுக் காட்டிலோ வெட்டி உரித்து ஒட்டிய பலகையில் வள்ளம் கட்டுவதன் காரணம் இதுதான்.

பலகை வாங்கும்போது இரண்டு கடைகளில் ஒவ்வொரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி வந்திருக்கிறார் ஓடாவி. இரண்டையும் பழைய சட்டியில் போட்டு மூன்று மணித்தியாலம் அவித்திருக்கிறார். ஒன்று தாள் தாளாகக் கழன்றது. மற்றது அப்படியே கிடந்தது. இரண்டு கடைக்காரரும் தங்களுடையது "மரைன்" என்றுதான் சொன்னார்கள். தண்ணீருக்கு நிற்கும் பசைக்கும் நிற்காத பசைக்கும் வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே ஒட்டியிருக்கும் தாள்களில் இடைவெளி இருக்கிறதா என்பதையும் வெட்டிய ஓரத்தில்தான் பார்க்க முடியும். வீடு கட்டப் பலகை வாங்குபவருக்கு இது சின்ன விசயம். நடுக்களப்பில் நிற்பவருக்கு அப்படியில்லை.

இனி வெட்டுக்கு வருகிறேன்.

பதினாறடிப் பலகை கடையில் கிடையாது. எட்டடியை எட்டடியோடு பொருத்த வேண்டும். மெல்லிய இரண்டு பலகையையும் நீளவாக்கில் நடுவால் பிளந்து, இரண்டடி அகலத்தில் நான்கு கீற்றுகளாக ஆக்கியிருந்தார்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுப் போல, ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் பின்தள்ளி அடுக்கி, நான்கின் நுனியையும் சேர்த்து ஒரே சரிவாகச் சீவுளி போட்டார் ஓடாவி. பிளைவூட்டின் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு நிறம். சரிவாகச் சீவும்போது கோடு கோடாகப் பட்டி தெரியும். பட்டி நேராக ஓடினால் சரிவு நேர். வளைந்தால் அந்த இடத்தில் பள்ளம் என்று அர்த்தம். மட்டம் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. இந்தச் சரிவுகளை ஒன்றோடொன்று பொருத்தி எப்பொக்சி தடவிப் பாரம் வைத்து இரண்டு நாள் விட்டிருந்தார்கள். நான் போனபோது பதினாறடிக்கு இரண்டு அங்குலம் குறைந்த இரண்டு நீளப் பலகைகள் தயாராக இருந்தன.

இணைப்பின் பின்னால் ஒரு துண்டை வைத்து ஆணி அடித்தால் வேலை அரை மணியில் முடியுமே என்று கேட்டேன். முடியும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். ஆனால் அந்தத் துண்டு இருக்கும் இடம் வளையாது. மற்ற இடம் வளைய அது விறைத்து நிற்கும். வள்ளத்தின் பக்கம் வயிறு போல இல்லாமல் முழங்கை போல இருக்கும். "பாக்கிறதுக்கு மட்டுமில்லைத் தம்பி. அந்த முழங்கையிலதான் ஒரு நாளைக்கு உடையும்."

கோடு கீறுவது இப்படி. பலகையின் கீழ் ஓரத்தை நேர்க்கோடாக எடுத்து, ஒரு அடிக்கு ஒரு புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு உயரம் என்பது ஓடாவியின் கொப்பியில் எழுதியிருந்தது. அணியத்தில் கூட, நடுவில் குறைய, கடையாரில் மீண்டும் சற்றுக் கூட. அந்த உயரங்களில் சிறு ஆணிகள். ஆணிகளை ஒட்டி மரச்சட்டத்தை வளைத்துப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தது அதன் அணியத்துப் பக்க நுனி. ஓடாவி நிலத்தில் ஒரு கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, சட்டத்தின் நீளத்துக்குப் பார்த்தார். மூன்றாவது ஆணியைப் பிடுங்கினார். சட்டம் ஒரு மயிரிழை அசைந்து தானாகவே ஓரிடத்தில் போய் நின்றது. கொப்பியில் இருந்த கணக்கு அந்த இடத்தில் பிழை, சட்டம் சொன்னதே சரி என்றார். பிறகுதான் பென்சில்.

இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒரேயடியாக வெட்டுவது வழக்கம். தனித்தனியாக வெட்டினால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். அந்த வள்ளம் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கத்துக்கு இழுக்கும். ஆனால் இரட்டைத் தடிப்பில் வளைவு வெட்டும்போது ஜிக்சோவின் மெல்லிய வாள் அடியில் சரியும். மேலே கோட்டில் போகும், கீழே விலகும். அதற்காகக் கோட்டில் வெட்டாமல் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு வெட்டி, மிச்சத்தைச் சீவுளியால் எடுப்பார்கள். வாளின் பல் மேல்நோக்கி இழுப்பதால் மேல்தாள் பிசிறும் என்று கோட்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தார் அக்கா. மின்சாரம் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து வந்தது.

அரைவாசிக்கு மேல் நன்றாகப் போனது. இணைப்புக்கு வந்தபோது, இறுகிய எப்பொக்சியில் வாள் சிக்கித் துள்ளியது. கோட்டுக்கு உள்ளே கால் அங்குலம் போய்விட்டது. ஜிக்சோவை நிற்பாட்டிவிட்டு ஒருவரும் பேசவில்லை. அக்கா வெட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் அவருடைய முகத்தைப் படம் எடுத்திருக்கலாம். ஊடகக் கற்கை வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். எடுக்கவில்லை.

ஓடாவி சட்டத்தை மீண்டும் கொண்டுவரச் சொன்னார். பிழைத்த இடத்தைத் தொட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் நான்கைந்து அடிக்குப் புதிய வளைவு ஒன்றைத் தாழ்த்திக் கீறினார். வள்ளத்தின் விளிம்பு நடுவில் கால் அங்குலம் பதிந்துவிடும். "ஒரு கூடை இறால் குறைச்சு ஏத்துங்கோ பிள்ளை, அவ்வளவுதான்" என்றார். பழைய கோட்டையும் புதிய கோட்டையும் பார்த்தால் எனக்குப் புதியதே வடிவாகத் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடிப்பலகை வெட்டுவதில் பெரிய கதை இல்லை. இரண்டு ஒன்பது மில்லிமீற்றர் பலகையும் அதே விதமாகப் பொருத்தப்பட்டிருந்தன. நடுக்கோடு போட்டு இரு பக்கமும் அளந்து வெட்டினார்கள். அகலம் நடுவில் மூன்றடி. மிஞ்சிய ஓரக் கீற்றுகள் இருக்கைக்கு. கடையார் பலகைக்குப் பழைய கதவொன்றிலிருந்து கழற்றிய முதிரை. பிறகு ஓரங்களில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டு, பக்கத்தையும் அடியையும் தங்கூசியால் தைத்தார்கள். தட்டையாகக் கிடந்த பலகைகள் நூலை இழுக்க இழுக்க எழுந்து வள்ளமாகின்றன. வெளிநாடுகளில் வீட்டில் படகு கட்டுபவர்கள் செப்புக் கம்பியால் தைக்கிறார்கள். பலகையைக் கயிற்றால் தைத்துத் தோணி கட்டுவது இந்தக் கரைகளுக்குப் புதிதில்லை என்பதால் ஓடாவிக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்கவில்லை. வலையாக விட்டால் குற்றமாகிற தங்கூசி இங்கே வள்ளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். தையல் ஓரங்களில் மட்டும் எப்பொக்சியும் பைபர் நாடாவும். வள்ளம் முழுவதும் மூட வசதியில்லை. பைபர் படகுக்குப் பூசும் மலிவான ரெசினைப் பூசலாமே என்றால், அது மரத்தோடு ஒட்டி நிற்காது, இரண்டு மாரி போகத் தோலாகக் கழரும், உள்ளே ஈரம் போய்ப் பலகை ஊறும் என்கிறார்.

வள்ளம் எழுந்து நின்ற பிறகுதான் எனக்கு அந்தப் படிவத்தைக் காட்டினார் அக்கா.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல்வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு பதிவு செய்யப்பட வேண்டும். தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பதிவு இலக்கம் இல்லாத வள்ளம் கடற்படையின் கண்ணில் பட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் போனால் சேத விபரத்தில் ஏறாது. மானியம் வந்தால் பெயர் வராது. இந்தப் பக்கத்தில் இலக்கம் என்பது வெறும் எண் இல்லை. வட்டுவாகலில் கடற்படைத் தளத்துக்கென்று பிடிக்கப்பட்ட 617 ஏக்கர் பிரச்சினை இன்னும் தீரவில்லை. கேப்பாப்புலவுப் பக்கத்தில் களப்புக்கு இறங்கும் வழிகளுக்காகவும் காணிக்காகவும் சனம் வருடக்கணக்கில் வீதியோரம் இருந்தது. 2017 ஜனவரியில் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. களப்பைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாறுபாடு இல்லை. நாளைக்கு யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் இருக்கப்போவது இலக்கம் உள்ளவர்கள்தான் என்பதே பயம்.

பதிவுக்காக அக்கா ஓர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர் கெட்ட மனிதரும் இல்லை, தேநீர் கொடுத்துத்தான் பேசியிருக்கிறார். முதல் தடவை சிக்கல் வகையில் வந்தது. இயந்திரம் பூட்டாத பாரம்பரியப் படகு என்று ஒரு வகை இருக்கிறது. கண்ணாடியிழைப் படகு என்று இன்னொரு வகை. பிளைவூட்டில் கட்டி ஓரங்களுக்குப் பைபர் நாடா ஒட்டிய வள்ளம் இதில் எது? இரண்டாவது தடவை அவர் ஓர் இலகுவான வழி சொன்னார். உங்கள் கணவரின் பெயரில் ஏற்கனவே இலக்கம் இருக்கிறதே, அதை உங்கள் பெயருக்கு மாற்றலாம். மரணச் சான்றிதழை மட்டும் கொண்டு வாருங்கள்.

"அவர் நல்ல எண்ணத்திலதான் சொன்னவர்" என்று அக்கா இரண்டு முறை சொன்னார்.

2016ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறலாம். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே சொத்து, கொடுப்பனவு போன்ற காரியங்களைக் குடும்பம் செய்ய வழி விட வேண்டும் என்பதே அந்தச் சான்றிதழின் நோக்கம். காகிதத்தில் அது நல்ல ஏற்பாடு. அக்காவிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, படகுப் பதிவுக்கு இதை ஏற்கலாமா என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அது மார்கழியில். நான் இதை எழுதும்வரை பதில் இல்லை. சட்டம் வந்து பத்து வருடத்துக்குப் பிறகும் கரையோர மேசையில் இருக்கும் ஒருவருக்கு அதை என்ன செய்வது என்று ஒரு சுற்றுநிருபம் கையில் இல்லை என்றால், அந்தப் பத்து வருடமும் என்ன நடந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

இழப்பீடு என்று வரும்போது அரசு வேகமாக நகர்கிறது. 2022 மார்ச்சில் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு ஓர் இலட்சம் ரூபா ஒருதடவைக் கொடுப்பனவு என்று அமைச்சரவை முடிவெடுத்தது. 2017இலிருந்து வீதியில் இருந்த தாய்மார் அதை மறுத்தார்கள். காசு வேண்டாம் என்றவர்களுக்குத் தர அரசுக்கு விருப்பம் இருந்தது. ஒரு வள்ளத்துக்கு இலக்கம் கேட்பவருக்கோ பதில் எழுத ஆளில்லை.

2025 மார்ச் 28 வர்த்தமானியும் இதோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900க்கும் மேற்பட்ட ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக்குச் சொந்தமாகும் என்றது அது. பத்திரங்கள் பதுங்குகுழியிலும் தீயிலும் போன மக்களிடம் பத்திரம் கேட்டது. எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு மீளப்பெறப்பட்டது. காணிக்கு ஏக்கர் கணக்கு இருப்பதால் அரசியல்வாதிகள் பேசினார்கள், நாங்களும் எழுதினோம். பதினாறடி வள்ளத்துக்கு யார் பேசுவது? கேள்வி மட்டும் ஒன்றுதான். உங்களிடம் இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி, இருந்தவர் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி.

புதிய இலக்கம் எடுப்பதே அக்காவின் முடிவு. பழையது அவருடையது, அவர் வந்தால் வேண்டும் என்கிறார். மகனுக்கு இதில் உடன்பாடில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் கொழும்பில் வேலை செய்கிறார். தொலைபேசியில், "மரணச் சான்றிதழ் எண்டா வெறும் பேப்பர்தானே அம்மா" என்று சொன்னதாக அக்காவே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தத் தெரிவைத் தாய்க்கும் மகனுக்கும் இடையில் கொண்டுவந்து போட்டது யார் என்பது மட்டும் தெரியும். கடற்றொழில் திணைக்களம் ஒரு பக்கச் சுற்றுநிருபம் அனுப்பினால் இது முடியும். காணக்கிடைக்காமைச் சான்றிதழ் உள்ளவருக்குப் படகு இலக்கத்தை மாற்றலாம் என்று ஒரு வரி. வீட்டில் கட்டிய பிளைவூட் வள்ளம் எந்த வகையில் சேரும் என்று இன்னொரு வரி. கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் சமாசங்களின் ஊடாகக் கேட்கலாம். சங்கங்களின் நிர்வாகங்களில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று பார்த்தால், ஏன் இதுவரை கேட்கவில்லை என்பதும் விளங்கும்.

கடந்த செப்டெம்பரில் வட்டுவாகலில் புதிய பாலத்துக்கு ஜனாதிபதி வந்து வேலை தொடக்கிவைத்தார். மழைக்கு மூழ்கும் அந்தக் குறுகிய பழைய பாலத்தால் போய்வந்த எங்களுக்குப் புதிய பாலம் தேவை, அதில் சந்தேகமில்லை. நான் திரும்பி வந்ததும் அந்தப் பழைய பாலத்தால்தான்.

கிளம்பும் முன் படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார். என்னுடைய எழுத்து வடிவாக இருக்குமாம். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர். நீளம் பதினைந்தடி பத்து அங்குலம். இயந்திரம் இல்லை. படகு கட்டிய இடம் என்று இருந்தது. யோசித்துவிட்டு, "எங்கட முத்தம் எண்டு போடுங்கோ" என்றார். கிராமத்தின் பெயரைப் போட்டேன். குடும்பத்தில் முன்னர் படகு இருந்திருந்தால் அதன் பதிவு இலக்கம் என்ற வரிக்கு வந்தபோது பேனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"அதை விடுங்கோ தம்பி" என்றார். பிறகு எழுந்து போய், தையல் ஓரத்தில் பூசிய எப்பொக்சி காய்ந்துவிட்டதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்தார். இன்னும் காயவில்லை. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடாவியும் நானும் தறப்பாளின் இரண்டு மூலையைப் பிடித்து வள்ளத்தின் மேல் இழுத்தோம்.